அண்ணன் பேரில் இருந்த கிளினிக் கொப்பி

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையே தெரியவில்லை. நான் பார்க்கிற பிள்ளை மடுவத்துக்கு இன்று பதினாறு குழந்தைகள்தான். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் தொப்பலாக வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப மலைக்குப் போனார்கள். பதினாறு பேரின் ஈரத் துணியோடு மாரடித்தது நான்.

செய்ய வேண்டியவை:
மடுவத்துக்கு விறகு.
கூரைத் தகரத்தில் ஓட்டை.
குமாருக்கு மாத்திரை. நீலம் ஒன்று, மண்ணிறம் அரை.
வியாழன் கிளினிக்.

(புருசனை வெளியில் 'இவர்', 'அவங்க'. இந்தக் கொப்பியில் மட்டும் குமார். யார் பார்க்கப் போகிறார்கள்.)

காலையில் குமாரை அட்டை கடித்துவிட்டது. மற்றவர்கள் உப்பைத் தேய்த்துத் தட்டிவிட்டுப் போவார்கள். இந்த மனுசனுக்கு ஏழு மணிக்குக் கடித்தது, பத்து மணிக்கும் இரத்தம் நிற்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரமெல்லாம் சிவப்பு. மூன்று துணி மாற்றினேன். "விடு மலரு, தானா நிக்கும்" என்று சிரிப்பு வேறு. ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அதற்கும் வழியில்லை. அறைந்தால் கன்னம் கன்றி ஒரு வாரம் நீலமாக இருக்கும்.

நெஞ்சில் இரும்பு வால்வு வைத்துப் பத்தொன்பது வருஷம். அது அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த இரத்தம் இளக்குகிற மாத்திரை. சத்தமில்லாத நேரம் கிட்டப் போனால் டிக் டிக் என்று கேட்கும். கல்யாணம் கட்டிய புதிதில் அந்தச் சத்தத்தால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது அது கேட்காவிட்டால் வராது.

கறி: பருப்பு, கத்தரிக்காய். பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரிக்கிற வாசம், நாக்கில் எச்சில். எங்கள் வீட்டுக்குள் மீன் வரக் கூடாது. குமார் வாயில் பட்டாலே உதடு வீங்கும். லயத்தில் எங்கள் வீட்டுக்கு 'ஐயரு வீடு' என்றே பேர்.

சாயங்காலம் சாந்தி அக்கா வந்தாள். குமாரின் அண்ணன் ராஜேந்திரனின் மனைவி, கீழே பணிய லயத்தில் இருக்கிறவள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. கேட்காமலே புரிந்தது.

"நேத்து லொறி லைசன்ஸப் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கப் போனாரு. அடையாள அட்டை நம்பரக் கம்ப்யூட்டர்ல போட்டதும், ஒனக்கு நெஞ்சில இரும்பு வால்வு இருக்கே, எப்புடி லொறி ஓட்டுனன்னு கேட்டிருக்காங்க."

"சட்டையக் கழட்டிக் காட்ட வேண்டியதுதானே அக்கா."

"காட்டுனா, அப்ப அந்த வால்வு யாரு நெஞ்சில இருக்குன்னு கேப்பாங்கள்ல."

லைசன்ஸ் போய்விட்டது. லொறியும் போய்விட்டது. ராஜேந்திரன் வாயைத் திறக்காமல் வந்திருக்கிறார். வந்த கோபம் அக்காவின் கண்ணில் இறங்கியிருக்கிறது.

குமாருக்கு ஓப்பரேசன் செய்தபோது வயது இருபது. லயத்துக் காம்பராவில் பிறந்தவரை யாரும் போய்ப் பதியவில்லை. பிறப்புச் சான்று இல்லை, அடையாள அட்டை இல்லை. அண்ணனிடம் அட்டை இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே முகம். ராஜேந்திரன் என்ற பேரில் கொழும்பில் படுக்க வைத்து, ராஜேந்திரன் என்ற பேரில் நெஞ்சைத் திறந்தார்கள். அன்றிலிருந்து கிளினிக், இரத்தச் சோதனை, மாத்திரை எல்லாம் அண்ணன் பேரில். எட்டு வருஷத்துக்கு முன்பு குமாருக்குச் சொந்த அட்டை வந்தது. மாற்றச் சொன்னேன். "மாத்தப் போனா கேள்வி வரும்" என்றார்கள் அண்ணனும் தம்பியும். விட்டுவிட்டோம்.

அண்ணன் செய்தது பெரிய உபகாரம். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அக்காவின் கண்?


நவ. 13, வியாழன்

எழுதுவது ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து. நேற்று நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

ஐந்து மணி இருக்கும். நான் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். குமார் பேக்டரியிலிருந்து வந்து தேத்தண்ணியைக் கையில் வாங்கினார், அவ்வளவுதான். ராஜேந்திரன் கதவை உதைத்துத் திறந்தான். (இனிமேல் 'ன்'தான். மரியாதை முடிந்தது.) காம்பரா முழுக்கக் கசிப்புச் சாராய நாற்றம்.

"என் பேரத் திருப்பிக் குடுடா."

"உக்காருண்ணே. பேசலாம்."

"பத்தொம்போது வருசமாப் பேசாமத்தானே இருந்தேன். நோவு ஒனக்கு. சீக்காளின்னு பேரு எனக்கா?"

கிளினிக் கொப்பி ஆணியில் பிளாஸ்டிக் பையோடு தொங்கும். அதைப் பிடுங்கி அடுப்புக்குள் எறிந்தான். பை சுருங்கிப் பற்றிக்கொண்டது. குமார் குனிந்து நெருப்புக்குள் கையை விட்டார். குனிந்தவரின் இடது விலாவில் உதைத்தான். லொறிக்குப் போடுகிற பூட்ஸ். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது உதையில் குமார் வாயிலிருந்து வந்த சத்தம் மனுசச் சத்தம் இல்லை.

என் கையில் ரொட்டிக் கல்தான் கிடைத்தது. சுடச்சுட எடுத்து அவன் தோளில் அடித்தேன். திரும்பினான். கழுத்தில் அடித்தேன். சதை பொசுங்குகிற வாடை வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்காகவும் மறைக்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்துக் காம்பரா ஆட்கள் வந்து பிடிக்காவிட்டால் மண்டையில் அடித்திருப்பேன். என் உள்ளங்கையும் வெந்திருப்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் போய்விட்டான். கொப்பியில் பின் அட்டையும் கடைசி இரண்டு தாளும் மிச்சம். முதல் பக்கம் சாம்பல்.

அந்த முதல் பக்கம்தான் முக்கியம். அதில் சிவப்பு மையில் கட்டம் போட்டு மூன்று வரி இங்கிலீஷ் இருந்தது. கொழும்பில் ஓப்பரேசன் முடிகிற நேரம் கொடுத்த ஓர் ஊசி குமாருக்கு ஆகாமல், உடம்பெல்லாம் தடித்து, பிரஷர் விழுந்து, நெஞ்சே நின்று, திரும்பப் பிடித்து எடுத்தார்களாம். ஆயுசுக்கும் அந்த மருந்து கூடாது என்று எழுதிக் கொடுத்தது அது. மாசா மாசம் பார்த்திருக்கிறேன். வாசித்ததில்லை. 'பி' எழுத்தில் தொடங்கும். அடுத்து 'ஆர்', 'ஓ', 'டி'. அதற்குப் பிறகு டொக்டர் கிறுக்கல்.

ஒரு மணித்தியாலத்தில் குமாரின் முகம் வெளுத்து, வயிறு கல்லாகிவிட்டது. மூத்திரம் சிவப்பு. த்ரீவீலில் ஏற்றினோம். தெருவில் குழிக்குக் குழி அவர் பல்லைக் கடிக்கிறது கேட்டது. பாதி வழியில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு."

"ம்."

"அண்ணன் பேர எடுக்காத. கொப்பி, பழைய ஓப்பரேசன் பேரு, எதையும் சொல்லாத. என் அட்டையக் குடு. சொன்னா அவன உள்ள போட்டுருவாங்க. ரெண்டு பேரையும் போட்டுருவாங்க."

"சரிங்க."

"தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். தலை சில்லென்று வியர்த்திருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மா. யாழ்ப்பாணத்துப் பேச்சு, வேகமான கை. நெஞ்சுத் தழும்பைப் பார்த்ததும் கேட்டார், "வால்வு போட்டதோ? கிளினிக் கொப்பி எங்கை?"

"மழையில நனஞ்சு போச்சுங்க."

"எப்பிடி விழுந்தவர்?"

"படியில வழுக்கி."

"ஏதும் மருந்து, ஊசி ஒத்துக்கொள்ளாமப் போனதோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். அந்த ஊசி நெஞ்சைத் திறக்கிற ஓப்பரேசனுக்குக் கொடுப்பது. இங்கே யார் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள்? குமாரைப் பார்த்தேன். கண்ணால் வேண்டாம் என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.


நவ. 14, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலில் வெடிப்பு, வயிற்றுக்குள் இரத்தம். மாத்திரையால் இரத்தம் ஏற்கெனவே அளவுக்கு மீறி இளகிக் கிடந்ததாம். அட்டைக் கடி நிற்காதபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மாத்திரையின் வேலையை முறிக்க ஊசி போட்டு, பழுப்புத் தண்ணி மாதிரி பிளாஸ்மா ஏற்றினார்கள். இரண்டாவது பையில் பாதி இறங்கும்போதே குமார் சொறியத் தொடங்கினார். கழுத்து, வயிறு, தொடை எல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிற்று. பல் அடித்துக்கொண்டது. நர்ஸ் மிஸ் ஓடி வந்து பையை மூடி, வேறு ஊசி போட்டாள். தடிப்பு இறங்கிய பிறகு வேறு பை, துளித் துளியாக.

டொக்டரம்மா திரும்பவும் கேட்டார். "உண்மையா முந்தி ஒண்டும் நடக்கேல்லையோ?"

"இல்லீங்க."

இரண்டாவது தடவை. முதல் பொய்க்கு வியர்த்தது. இதற்கு வியர்க்கவில்லை.

சாந்தி அக்கா போன் போட்டாள். ராஜேந்திரன் தெமோதரையில் அவளுடைய தம்பி வீட்டில் ஒளிந்திருக்கிறானாம். தோள் வெந்து சீழ் வைக்கிறதாம். "நல்லா வைக்கட்டும்" என்றேன். அழுதாள். "மலரு, பொலிசுக்கு மட்டும் போயிராத, ஒன் கால்ல விழுறேன்" என்றாள். போனில் எப்படி விழுவது.


நவ. 15, சனி

இரத்தம் நின்றுவிட்டது. காலையில் பிஸ்கட் ஒன்று தின்றார்.

டொக்டரம்மா வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். நல்ல மனுசி. நான் பொய்க்காரி.

"அம்மா, இரத்தம் இளகினா வயிறு திரும்பக் கசியும். இறுகினா வால்வு அடைக்கும். ரெண்டும் ஆளைக் கொல்லும். நாளைக்கு மெல்லமா வேறை மருந்து ஒண்டு, ஹெப்பரின், சொட்டுச் சொட்டா ஏத்திப் பாப்பம். அதிலை ஒரு வசதி. கசிஞ்சா உடனை நிப்பாட்டலாம், முறிக்கிறதுக்கும் ஊசி இருக்கு."

"என்ன ஊசி?" என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். சத்தியம் அடித்த கையைப் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். இத்தனை வயதுக்குப் பிறகு இப்படி ஒரு கோழைத்தனம்.


நவ. 16, ஞாயிறு

மழை. ஹெப்பரின் தொடங்கினார்கள். சின்ன மெசின், பச்சை எண். குமார் தூங்கினார். காதை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். டிக் டிக்.

முழித்ததும், "அண்ணன் சாப்புட்டானா?" என்று கேட்டார்.

எழுந்து வெளியே போய்விட்டேன். நின்றிருந்தால் ஏதாவது உடைத்திருப்பேன்.


நவ. 17, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். ஒழுங்காக.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிற நேரம். கஞ்சி கொண்டுபோனேன். குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார். உதட்டில் நிறமே இல்லை. "மலரு, கண்ணு இருட்டுது" என்றார். கத்தினேன். மிஸ் வந்து பிரஷர் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து என் கஞ்சிக் கோப்பை கீழே போயிற்று.

டொக்டரம்மா ஓடி வந்தார். மெசினை நிறுத்தினார். இரத்தத்துக்குச் சொல்லி, ஓப்பரேசன் தியேட்டருக்கும் சொல்லச் சொன்னார். பிறகு மிஸ்ஸிடம் ஒரு சொல்லைச் சொன்னார். ப்ரோட்டமின்.

மிஸ் சின்னக் குப்பியோடு வந்தாள். ஊசியில் இழுக்க ஆயத்தம். லேபல் என் கண்ணுக்கு நேரே. பி. ஆர். ஓ. டி.

மாசா மாசம் சிவப்பில் பார்த்த அதே எழுத்துகள்.

என்னை யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் பாய்ந்தேன். சத்தியம் அடித்த கையாலேயே அவள் கையில் அடித்தேன். குப்பி நிலத்தில் விழுந்து உடைந்தது. ஊசி கட்டிலுக்கு அடியில். மிஸ் அலறினாள். இரண்டு ஆண் ஊழியர்கள் என் கையைப் பின்னால் முறுக்கினார்கள். ஒருவனுடைய கையைக் கடித்தேன். இன்னொருவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். தாடை சிமெந்தில் உரசியது. நசுங்கின வாயால் சொன்னேன்.

"அதக் குடுத்தாச் செத்துருவாரு. முந்தி குடுத்துச் செத்து எந்திரிச்சவரு."

"விடுங்கோ அவவை" என்றார் டொக்டரம்மா. என் தோள் இரண்டையும் பிடித்தார். நகம் பதிந்தது. "இல்லையெண்டு ரெண்டு தரம் சொன்னனீங்கள்."

"பொய் சொன்னேன். கொப்பி எரிஞ்சு போச்சு. செவப்புல எழுதியிருந்திச்சு. பி, ஆர், ஓ, டி."

"மலரு" என்றார் குமார் கட்டிலில் இருந்து. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. வேண்டாம் என்று அர்த்தம்.

டொக்டரம்மா ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்.

"இவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாதோ?"

"உதடு வீங்கும். வீட்டுல கருவாடுகூடச் சேக்கிறதில்லீங்க."

"கடவுளே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த மருந்தையே மீனிலிருந்துதான் எடுக்கிறார்களாம். மிஸ்ஸிடம் திரும்பி, வேண்டாம், இன்னொரு குப்பி எடுக்காதே என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

"அப்ப என்ன குடுப்பீங்க?"

"ஒண்டும் குடுக்கேலாது. ஹெப்பரின் தானாக் கரைய மூண்டு நாலு மணித்தியாலம் எடுக்கும். அதுவரைக்கும் போற இரத்தத்துக்கு இரத்தம் ஏத்திக்கொண்டு இருக்க வேணும். இப்ப வயித்தைத் திறந்தா நிக்காது." பிறகு, "கொழும்பிலை என்ன பேரிலை செய்தது? குமார் எண்டு தேடினாக் கிடையாது. அப்பிடித்தானே?"

கெட்டிக்காரி. என் கையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். ராஜேந்திரன். அட்டை நம்பரும் சொன்னேன். என் சொந்த நம்பரைக் கேட்டால் அட்டையைத் தேடுவேன். ராஜேந்திரனின் நம்பர் தூக்கத்திலும் வரும். கிளினிக் ஜன்னலில் மாசா மாசம் ஒப்பித்த நம்பர்.

நாலு மணித்தியாலம். ஒரு பை, இரண்டு பை. ஏற்றிய இரத்தத்துக்குப் பதில் இரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். தோட்டத்துக்குப் போன் போட்டேன். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்பது பேர் கொழுந்து லொறியில் நனைந்துகொண்டு வந்து இறங்கினார்கள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் என்னோடு சண்டை பிடித்தவர்களும் இருந்தார்கள்.

ஒன்பதாவது ஆள் ராஜேந்திரன். தெமோதரையில் இறங்குமுக வளைவில் நின்று லொறியை மறித்து ஏறினானாம்.

கையில் குடை இருந்தது. கம்பி வளைகிற வரை அடித்தேன். முகத்தில், வெந்த தோளில். தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காதோரம் இரத்தம் வந்தது. அது சட்டென்று உறைந்து நின்றதைப் பார்த்து இன்னும் ஆத்திரம். அவனுக்கு நிற்கிறது.

"அடி மலரு. ஆனா மொதல்ல ரத்தத்த எடுக்கச் சொல்லு. எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப்பு."

இரத்த வங்கியில் அவனை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடித்திருக்கிறான். தம்பிக்கு இரத்தம் கொடுக்க வருகிறவன், பயத்துக்குக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். படிக்கட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை.

மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து பதில். பழைய பைலில் ராஜேந்திரன் என்ற பேரில் எல்லாம் இருக்கிறதாம். அதே மருந்து. அன்று நெஞ்சை ஆறு நிமிஷம் கையால் பிசைந்திருக்கிறார்கள்.

நாலரைக்குப் பிரஷர் ஏறத் தொடங்கியது. ஐந்தே காலுக்கு டொக்டரம்மா வந்து, "வெட்டத் தேவையில்லை போல. நிக்குது" என்றார். போகும்போது திரும்பி நின்றார். "நீங்கள் அந்தக் குப்பியை உடைச்சிராட்டி, அதைப் போடச் சொல்லி நானே ஆளைச் சாகடிச்சிருப்பன். தெரியுமோ?" அவர் கண்ணில் தண்ணி. அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.


நவ. 18, செவ்வாய்

தாடையில் சிராய்ப்பு, எரிகிறது. மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அம்மா, ஆனா அடி பலம்" என்றாள் அவளுடைய தமிழில். கடிபட்ட ஊழியனுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கையை நீட்டிக் காட்டினான். பல் வரிசை அப்படியே.

குமார் முழித்தார். முதல் பேச்சு:

"சத்தியத்த மீறிட்ட."

"மீறித்தான் நீங்க இருக்கீங்க."

"பொலிஸ் வந்தா விழுந்துட்டேன்னுதான் சொல்லுவேன். நீயும் சொல்லு."

"மூணு ஒத ஒதச்சான்."

"பேரக் குடுத்து உசுரக் குடுத்தவன்டி அவன்."

பேரைக் கொடுத்தான். எனக்கும் தெரியும். இருபது வயதுப் பையனுக்காக ஆஸ்பத்திரி ஜன்னலில் தன் அட்டையை நீட்டினவன் அவன்தான். லைசன்ஸ் போகிற நேரத்திலும் வாயைத் திறக்காமல் நின்றவனும் அவன்தான். சாந்தி அக்காவின் கண்ணை வீங்க வைத்தவனும் அவன்தான். எல்லாவற்றையும் சேர்த்து என்னால் ஒரு ஆளாக ஆக்க முடியவில்லை. பூட்ஸ் மட்டும்தான் கண்ணுக்குள் நிற்கிறது.


நவ. 19, புதன்

மழை விட்டு விட்டு. மடுவத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கிறாள். பால்மா முடிந்துவிட்டதாம்.

பத்து மணிக்குப் பொலிஸ் சார்ஜன்ட் கட்டிலுக்கு வந்தார். தமிழ் பேசுகிறவர்.

"எப்படிக் காயம்?"

"படியில வழுக்கி விழுந்தேங்க" என்றார் குமார்.

சார்ஜன்ட் எழுதினார். என்னைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா?"

குமார் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கையில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த தடம். அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

ஒரு 'இல்லீங்க' போதும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

"பார்த்தேங்க. விழல. இவரோட அண்ணன் ஒதச்சாரு. மூணு தடவ. நான் சுடுகல்லால அவர அடிச்சேன், அதையும் எழுதிக்குங்க. கொழும்புல ஓப்பரேசன் நடந்தது அண்ணன் பேர்ல. அதையும்."

நீளமாக எழுதினார். கையெழுத்து வைத்தேன். குமார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ என் பொண்டாட்டி இல்ல" என்றார் சுவரைப் பார்த்து.

வார்ட்டே கேட்டது. பக்கத்துக் கட்டில் கிழவர் வானொலியைக் குறைத்தார், நன்றாகக் கேட்பதற்கு.


நவ. 21, வெள்ளி

ராஜேந்திரனைப் பிடிக்க யாரும் தேடிப் போகவில்லை. அவனே பொலிசுக்குப் போய், உதைத்தேன், கொப்பியை எரித்தேன், அட்டையைக் கொடுத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். தம்பி விழுந்தேன் என்கிறான், அண்ணன் உதைத்தேன் என்கிறான். பதினாலு நாள் மறியலில் உள்ளே போட்டிருக்கிறார்கள். பேர் விஷயம் தனியாக விசாரிப்பார்களாம். எங்களையும் கூப்பிடுவார்கள்.

சாந்தி அக்கா வார்ட்டு வாசலில் என் முகத்தில் துப்பினாள். துடைத்தேன். அவள் கண் வீக்கம் வற்றியிருந்தது. அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

குமார் பேசவில்லை. கஞ்சியை வாங்கிக் குடிக்கிறார். ஹெப்பரினைத் திரும்ப மிகக் குறைவாக ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தத் தடவை கசியவில்லை. நான் மெசின் பக்கத்திலேயே நிற்கிறேன். மிஸ் என்னைக் கண்டால் ஊசித் தட்டைத் தூரமாக வைக்கிறாள், வேண்டுமென்றே, சிரித்துக்கொண்டு.


நவ. 24, திங்கள்

வெயில். அதிசயம்.

நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை பழையதுதான், அளவு மட்டும் குறைவு. நீலம் ஒன்று, மண்ணிறம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் சோதிக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை:
பிளாஸ்டிக் பை, தடித்தது.
குடை.
பால்மா.
என் கைக்குக் களிம்பு.

பதினொரு மணிக்குப் புதுக் கிளினிக் கொப்பி போட மிஸ் வந்தாள். குமாரைக் கேட்டாள், "பேர்?"

ஐந்து நாளாக வாயைத் திறக்காத மனுசன். பத்தொன்பது வருஷப் பழக்கம், தானாக வந்தது.

"ராஜேந்திரன்."

மிஸ் எழுதப் பேனையை வைத்தாள். நான் கொப்பியின் மேல் கையை விரித்து வைத்தேன். வெந்த உள்ளங்கை. மிஸ் என்னைப் பார்த்தாள், குமாரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். போன புதனுக்குப் பிறகு முதல் தடவை. பார்வை நல்ல பார்வை இல்லை. வார்ட்டில் சத்தம் இல்லாத நேரம், டிக் டிக் கேட்டது.

"குமார்" என்றார். "ப. குமார். அண்ணன் பேரு ராஜேந்திரன்." அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் தள்ளியிருப்பார்.

மிஸ் எழுதினாள். டொக்டரம்மா வந்து சிவப்புப் பேனை கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கட்டம் போட்டார். மூன்று வரி எழுதி முடித்துக் கொப்பியை என்னிடம் நீட்டினார்.

நின்ற இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தேன்.